இருவருக்கும் விடுப்பு, வேறு வேறு தேதியில்

அன்புள்ள அண்ணனுக்கு,

தங்கை வணக்கத்துடன் எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அப்படித்தான் தொடங்க வேண்டும் என்பதால் எழுதினேன், நம்பிவிடாதே. நீயும் அண்ணியும் நலம் என்று நினைக்கிறேன். உங்களில் ஒருவராவது நன்றாக இருந்தால்தான் குடும்பத்துக்கு ஒரு சராசரி கிடைக்கும்.

விஷயத்துக்கு வருகிறேன். நாங்கள் வரவில்லை. உன் வாசலில் கிளம்பி நீ இருக்கும் நாட்டின் மறுகோடிக் கடல் வரை ஆயிரத்து நூறு கிலோமீட்டர் சைக்கிளில் போவதாக எட்டு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தோமே, அது இல்லை. நீ வாங்கி வைத்திருக்கும் கூடாரத்தைக் கடையில் திருப்பிக் கொடுத்துவிடு. அண்ணி எங்களுக்காக லீவு போட்டிருந்தால் அதையும் திருப்பிக் கொடுக்கச் சொல். விசா மட்டும் வந்துவிட்டது. எங்களுக்குத் தேவையில்லாதபோது எல்லாமே வந்துவிடும்.

"சைக்கிள் ஏன், ரயிலில் போங்களேன்" என்று முதல் நாளே போனில் கேட்டாய். அப்போது சொல்ல வெட்கமாக இருந்தது. கல்யாணமாகி நான்கு வருடம் ஆகிறது. அதே கிடங்கில், அதே பார்சல் கட்டும் வரிசையில்தான் இருவருக்கும் வேலை. எனக்குப் பகல், அவருக்கு இரவு. பன்னிரண்டு மணி நேரம் நான், பன்னிரண்டு மணி நேரம் அவர். வார விடுமுறை எனக்கு ஞாயிறு, அவருக்குப் புதன்; அன்றும் ஒருவர் விழித்திருந்தால் மற்றவர் தூக்கம். நாங்கள் சந்திக்கும் இடம் கிடங்கு வாசல், சந்திக்கும் நேரம் வீட்டுச் சாவி கைமாறும் நேரம். "பால் இருக்கு." "சரி." "கேஸ் தீந்துபோச்சு." "சரி." எங்கள் இல்லறம் இதுதான். ஒருமுறை பேருந்தில் சேர்ந்து போனோம், உட்கார்ந்ததுமே அவர் தூங்கிவிட்டார். ரயிலில் ஏறினால் நான் தூங்கிவிடுவேன். இரண்டு பேரும் கண்ணைத் திறந்து வைத்திருந்தே தீர வேண்டிய வாகனம் எது என்று யோசித்தபோதுதான் சைக்கிள் கிடைத்தது. மூன்று வாரம், பகல் வெளிச்சத்தில், அவர் முகத்தைப் பார்க்க வேண்டும். நான் கேட்டது அவ்வளவுதான், கடல்கூட இல்லை.

திட்டமெல்லாம் நோட்டில்தான் போட்டோம். சமையல் மேடையில் ஒரு நோட்டு. பகலில் அவர் எழுதுவார், மாலையில் நான் பதில் எழுதுவேன். "நாளுக்கு எழுபது கிலோமீட்டர். உனக்கு ஓகேவா?" என்று கேட்டிருந்தார். "உங்களுக்கு ஓகேன்னா எனக்கும்" என்று எழுதினேன். மறுநாள், "உனக்கு ஓகேன்னா எனக்கும்" என்று வந்தது. என்ன ஒற்றுமை என்று பூரித்துப்போனேன். வீட்டில் இப்போது மூன்று காற்றடிக்கும் பம்ப் இருக்கிறது, மாற்று டியூப் ஒன்றுகூட இல்லை.

சைக்கிள் வாங்க நான் மட்டும் ஒரு ஞாயிறு போனேன். கடைக்காரர் என்னைப் பார்த்ததும், "டெலிவரி வேலைக்காம்மா?" என்றார்.

"இல்ல, ஊர் சுத்த."

"யாரு?"

"நாங்கதான்."

அவர் என் செருப்பைப் பார்த்தார். நான் நிற்கும்போதே இன்னொருவர் காரில் வந்து இறங்கி சைக்கிள் கேட்டார், "ஹெல்த்துக்கு ரொம்ப நல்லது சார்" என்று நாற்காலி போட்டார்கள். அவர் மிதித்தால் ஆரோக்கியம், நான் மிதித்தால் வறுமை. அந்தக் கோபத்தில், "ஓட்டிப் பாருங்க" என்று கடைக்காரர் சொன்னபோது, "வீட்டுக்காரர் பாத்துப்பாரு" என்று சொல்லி இரண்டையும் வேனில் ஏற்றிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டுக்காரரோ நான்தான் ஓட்டிப் பார்த்து வாங்கியிருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டார்.

போன மாதம் ஒரு நாள் மதியம் கிடங்கில் கரண்ட் போய் எங்களை வீட்டுக்கு அனுப்பினார்கள். அவர் விழித்திருந்தார்! தலை வாரிக்கொண்டு, புதிதாகக் கல்யாணமானவர்கள்போல, பின்தெரு வண்டி நிறுத்துமிடத்துக்கு இரண்டு சைக்கிளையும் தள்ளிக்கொண்டு போனோம். "நீ முன்னால போ" என்றார். "நீங்க போங்க" என்றேன். கால் மணி நேரம் இப்படியே மரியாதை கொடுத்துக்கொண்டு நின்றோம். கடைசியில் அவர்தான் மெதுவாகக் கேட்டார்.

"உனக்கு ஓட்டத் தெரியும்ல?"

"எனக்கா? உங்களுக்குத்தானே தெரியும்! சின்ன வயசு போட்டோல சைக்கிளப் புடிச்சிட்டு நிக்கிறீங்க?"

"அது ஸ்டுடியோ சைக்கிள்டி! புடிச்சிட்டு நிக்கத்தான் விட்டாங்க. நீதான பத்து வருஷம் ஸ்கூலுக்கு சைக்கிள்ல போனேன்னு சொன்ன?"

போனேன் அண்ணா. உன் பின்னால், கேரியரில்.

எட்டு மாதம், முழு நோட்டு, நாளுக்கு எழுபது கிலோமீட்டர், இரண்டு பேருக்கும் ஓட்டத் தெரியாது. ஒரே ஒரு நாள் நேருக்கு நேர் உட்கார்ந்து பேசியிருந்தால் அரை நிமிடத்தில் தெரிந்திருக்கும். அந்த அரை நிமிடத்தைத்தான் கம்பெனி எங்களிடமிருந்து எடுத்துக்கொண்டிருக்கிறது. இருந்தாலும் ஏறினோம். விழுந்தோம். கீழ்வீட்டு நர்ஸ் அக்கா கட்டுப் போடும்போது, "எந்த வண்டி இடிச்சுது?" என்றார்.

"வண்டியெல்லாம் வரலக்கா. நாங்களே மோதிக்கிட்டோம்."

"ஏன், சண்டையா?"

"சண்டை போட எங்கக்கா நேரம்?"

அதன் பிறகு விடவில்லை. ஞாயிறு நான், புதன் அவர் என்று தனித்தனியாகப் பழகினோம். இப்போது எனக்கு நேராக ஓட்ட வரும், திரும்ப வராது. அவருக்குத் திரும்ப வரும், நேராக வராது. ஆனால் சைக்கிளைக் கழற்றி விமானத்துக்கான அட்டைப்பெட்டியில் கட்டச் சொல், பதினொரு நிமிடம். ஒரு திருகு ஆடாது. உலகத்தில் எங்களுக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

இதெல்லாம்கூடப் போகட்டும், விழுந்து எழுந்து கற்றுக்கொள்வோம் என்று இருந்தேன். வெள்ளிக்கிழமை விடுப்புப் பட்டியல் ஒட்டினார்கள். அவருக்கு ஒன்றாம் தேதி முதல் இருபத்தொன்று வரை. எனக்கு இருபத்திரண்டாம் தேதி முதல். கழிவறை வாசலில் கடிகாரத்தோடு நிற்பாரே ஒரு சூப்பர்வைசர், நாங்கள் 'ஸ்டாப்வாட்ச்' என்போமே, அவரிடம் ஓடினேன்.

"சார், சேந்து போறதுக்குத்தானே லீவு கேட்டோம்?"

"ரெண்டு பேருக்கும் குடுத்திருக்கேனேம்மா."

"வேற வேற தேதி சார்."

"உங்க லைனுக்கு மாத்து ஆளு ஒருத்தன்தான். ரெண்டு பேரும் ஒண்ணா போனா பார்சல நான் கட்டுறதா? இதுவும் நல்லதுதான். அவர் முதல்ல போய் வழியெல்லாம் பாத்துட்டு வரட்டும், பின்னாடி நீ போ. சைக்கிளும் ஒண்ணு போதும்ல?"

சிரிக்கவில்லை அண்ணா, அக்கறையாகத்தான் சொன்னார். அவர் தலைக்கு மேல் 'நாம் அனைவரும் ஒரே குடும்பம்' என்று போர்டு தொங்கியது. புருஷனும் பொண்டாட்டியும் சேர்ந்து இருக்க முடியாத குடும்பம்! யார் வீட்டுக்கோ நாளைக்கே போய்ச் சேர வேண்டும் என்று பூச்சாடியும் பொம்மையும் கட்டிக்கொண்டே இருக்கிறோம். நாங்கள் ஒருவரையொருவர் போய்ச் சேர நான்கு வருடமாக வழியில்லை. வாசலில் சாவி கொடுக்கும்போது அவரிடம் சொன்னேன். "சரி" என்றார். கேஸ் தீர்ந்ததற்குச் சொல்வாரே, அதே "சரி." அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

ஆகவே எங்களை எதிர்பார்க்காதே. இனி இந்த ஆசை எனக்கு வராது, வந்தாலும் உனக்கு எழுதமாட்டேன். அண்ணிக்கு என் அன்பு. உன் குட்டிப்பெண்ணுக்கு அத்தையின் முத்தங்கள். அவள் சைக்கிள் கற்றுக்கொண்டுவிட்டாள் என்று எழுதியிருந்தாய். மகிழ்ச்சி. எல்லோரும் உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள தங்கை

பி.கு.: மேலே உள்ளதை ஞாயிற்றுக்கிழமை எழுதினேன். தபாலில் போடவில்லை. இன்று செவ்வாய். காலையில் ஸ்டாப்வாட்ச்சிடம் வேலையை விடுவதாகக் கடிதம் கொடுத்துவிட்டேன். "அவசரப்படாதம்மா, யோசி" என்றார். "எத்தன நிமிஷம் சார்?" என்று கேட்டுவிட்டு வீட்டுக்கே வந்துவிட்டேன். இனி என் வீட்டுக்காரர் விடுப்புத் தேதிதான் எனக்கும் தேதி. ஒன்றாம் தேதி வருகிறோம், கூடாரத்தைக் கொடுத்துவிடாதே. திருப்பம் இல்லாத சாலை ஏதாவது இருந்தால் விசாரித்து வை. இவருக்கு இன்னும் தெரியாது, பக்கத்தில் தூங்குகிறார். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்துதான் இதை எழுதுகிறேன். எழுந்ததும் சொல்ல வேண்டும். திட்டுவார். நிதானமாகத் திட்டட்டும், நான் எங்கேயும் போக வேண்டியதில்லை.