சரஸ்வதியைக் கூரை வரை தூக்கிய கயிறு

எங்கள் வீட்டில் பண்டிகை என்றால் ஆளுக்கொரு வேலை உண்டு. மகள் கோலம் போடுவாள், மனைவி சாமி படங்களைத் துடைப்பாள், அப்பா எல்லாருடைய வேலையிலும் குறை கண்டுபிடிப்பார். என்னை மட்டும் ஒரு நாற்காலியில் உட்கார வைத்துவிடுவார்கள். மரியாதை என்று நினைத்துவிடாதீர்கள். கயிறு, நூல், ஒயர் என்று எது தொங்கினாலும் என்னை அதன் பக்கத்தில் விடக்கூடாது என்பது குடும்பத்தின் ஏகமனதான தீர்மானம். நான் வாழ்க்கையில் ஒரே ஒரு தடவைதான் தப்பான கயிற்றை இழுத்தேன். (ஒரு தடவை போதாதா என்பது என் மனைவியின் வாதம்.)

இரண்டாயிரம் பிறந்து ஓரிரு வருடங்கள் ஆகியிருந்த சமயம். ஊரப்பாக்கத்தில் எங்கள் வீடு. டிப்ளமோ முடித்திருந்த எனக்குக் கப்பலில் போக வேண்டும் என்று வெறி. ஒரு கப்பல் கம்பெனியும், ‘பாதுகாப்புப் பயிற்சிச் சான்றிதழோடு வா, ஏற்றிக்கொள்கிறோம்’ என்று சொல்லியிருந்தது. அப்பாவுக்கோ கப்பல் என்றாலே ஆகாது. கல்பாக்கத்தில் அணு ஆராய்ச்சி சம்பந்தப்பட்ட அலுவலகத்தில் வேலை பார்த்தவர். வீட்டு கேஸ் சிலிண்டரைப் படுக்கப் போகுமுன் மூன்று தடவை மூடுவார். மறைமலைநகரில் கார் பாகம் செய்யும் தொழிற்சாலை ஒன்றில் எனக்காகச் சொல்லி வைத்திருந்தார்.

“திங்கட்கிழமை காலையில கம்பெனி பஸ் வரும். அதுக்குள்ள உன் கையில சான்றிதழ் இருந்தா கப்பலுக்குப் போ. இல்லேன்னா பஸ்ல ஏறு” என்று சொல்லிவிட்டார். அதற்கு மேல் அப்பீல் கிடையாது.

மாமல்லபுரம் போகிற வழியில் இருந்த ஒரு சமுதாயக் கல்லூரியில் அந்தப் பயிற்சி நடந்தது. செங்கல்பட்டு வரை ரயில், அப்புறம் பஸ். கப்பலில் தீப்பிடித்தால் என்ன செய்வது, கப்பல் மூழ்கினால் என்ன செய்வது என்று தினமும் விதவிதமாகச் சாகாமல் இருக்கக் கற்றுக்கொடுத்தார்கள். எங்கள் வாத்தியார் ஜோசப் சார், கப்பலில் போசனாக, அதாவது தளத்து ஆட்களுக்கெல்லாம் மேஸ்திரியாக, இருந்து ஓய்வு பெற்றவர். அவர் குரல் காற்றை எதிர்த்தே பழகியது. பக்கத்தில் நின்று “சாப்பிட்டியா?” என்று கேட்டாலும் நமக்குக் காது அடைக்கும்.

கல்லூரியின் சொத்திலேயே பெரியது ஒரு வெள்ளைப் பீப்பாய். உள்ளே ‘லைஃப் ராஃப்ட்’ என்கிற உயிர்காக்கும் மிதவை மடங்கிக் கிடக்கும். பீப்பாயிலிருந்து நீளும் கயிற்றை இழுத்தால் உள்ளேயிருக்கும் வாயு திறந்து, இருபது பேர் உட்காரக்கூடிய ஆரஞ்சு நிறக் கூடாரம் விரிந்துவிடும். ஒரு தடவை விரித்தால் மறுபடி மடித்து அடைப்பது பெரும்பாடு. அதனால் எங்களைச் சோதிக்கத் தேர்வாளர் வரும் நாளில் அவர் கண்முன்னால் நீச்சல்குளத்தில் விரித்துக் காட்டுவதற்காக அதைப் பொத்திப் பொத்தி வைத்திருந்தார்கள். அது விரிந்து, நாங்கள் ஒழுங்காக ஏறிக் காட்டினால்தான் சான்றிதழ்.

தேர்வாளர் வரும் நாள் சரஸ்வதி பூஜை விடுமுறைக்கு முந்தின நாளாக அமைந்தது. அன்று காலையில் கல்லூரி ஆயுத பூஜை, பிற்பகலில் தேர்வு. தீயணைப்புக் கருவிக்கும் லைஃப் ஜாக்கெட்டுக்கும் சந்தனம் குங்குமம் வைத்தாயிற்று. துடுப்புகளுக்கு மாலை. வகுப்பறையில் பூஜை ஏற்பாடு நானும் மாரியும். மாரி பக்கத்து மீனவர் குப்பத்துக்காரன், நடக்கும் முன்னே நீந்தியவன். சரஸ்வதி படத்தை வைக்க மேடை தேடியவன், அந்த வெள்ளைப் பீப்பாயின் மேல் ஒரு பட்டு வேட்டியைப் போர்த்தி, அதன்மேல் படத்தை நிறுத்தி மாலையும் போட்டுவிட்டான். பார்க்க அம்சமாகத்தான் இருந்தது.

“மச்சான், வாழக்கன்னு கட்டியாச்சு. மாவெலதான் பாக்கி. கட்டறதுக்குக் கவுறு இல்லடா” என்றான்.

நான் சுற்றுமுற்றும் பார்த்தேன். வேட்டிக்கு அடியிலிருந்து ஒரு கயிற்றின் நுனி எட்டிப் பார்த்தது. நல்ல உறுதியான, புத்தம்புதுக் கயிறு. இழுத்தேன், வந்தது. இன்னும் இழுத்தேன், இன்னும் வந்தது. இவ்வளவு நீளக் கயிற்றை யாரோ அக்கறையாக எடுத்து வைத்திருக்கிறார்களே என்று மனதுக்குள் வாழ்த்தினேன். அறையை இரண்டு சுற்று சுற்றி, ஜன்னல் கம்பி, மின்விசிறிக் கொக்கி எல்லாவற்றிலும் மாட்டி மாவிலைகளைச் செருகினேன்.

முந்தின நாள் எழுத்துத் தேர்வில் ஒரு கேள்வி. ‘மிதவையை விரிப்பது எப்படி?’ நான் எழுதிய பதில்: ‘கயிற்றை முழு நீளத்துக்கும் இழுக்க வேண்டும். இறுதியில் தடை தெரிந்ததும் ஒரு வெட்டு வெட்டி இழுக்க வேண்டும்.’ முழு மதிப்பெண். எழுதின கைக்கும் கயிறு இழுத்த கைக்கும் பேச்சுவார்த்தை இல்லை போலிருக்கிறது.

பதினொரு மணிக்குப் பூஜை தொடங்கியது. பிரின்சிபால் மேடம் பட்டுப்புடவையில் வந்து நின்றார். பிற்பகல் வரவேண்டிய தேர்வாளர், “சாமி கும்பிட்டுட்டே ஆரம்பிச்சிடலாம்” என்று முன்கூட்டியே வந்து, செருப்பை வாசலில் கழற்றிவிட்டு உள்ளே சேர்ந்துகொண்டார். ஜோசப் சார் சிலுவைச் செயினோடு முதல் ஆளாகக் கை கூப்பி நின்றார். மேடம் கற்பூரத்தட்டை எடுத்தபோதுதான் கவனித்தேன்: நடுவில் தோரணம் கொஞ்சம் தொய்ந்திருந்தது. தேர்வாளர் பார்வையில் தொய்வா? கயிற்றை இழுத்தேன். தடை தெரிந்தது. ஒரு வெட்டு வெட்டி இழுத்தேன்.

‘டமார்’ என்று ஒரு சத்தம். பட்டு வேட்டி பறந்தது. பீப்பாய் இரண்டாகப் பிளந்து, அதற்குள்ளிருந்து ஆரஞ்சு நிறத்தில் ஏதோ ஒன்று பெருமூச்சு விட்டபடி எழுந்தது. பொரி அறை முழுக்க மழையாகப் பெய்தது. வாழைக்கன்று சாய்ந்தது. சரஸ்வதி மட்டும் மாலை கலையாமல், வீணையோடு, மெல்ல மெல்லக் கூரையை நோக்கி எழுந்தருளினாள். நாங்கள் எல்லாரும் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டோம். வாசல் கூடாரத்துக்கு அந்தப் பக்கம் போய்விட்டது.

“இன்னாடா பண்ணிகினு கீற நீ!” என்று ஜோசப் சார் போட்ட கத்தலில் மாமல்லபுரத்துக் கற்களே திரும்பிப் பார்த்திருக்கும். “ஜன்னலத் தொற! வாயு அடைச்சிக்கும்!”

என் கண்முன் மறைமலைநகர் கம்பெனி பஸ் வந்து நின்று ஹாரன் அடித்தது. எனக்கு மட்டுமா? என்னோடு படித்த அத்தனை பேர் சான்றிதழையும் ஒரே இழுப்பில் இழுத்து விட்டுவிட்டேனே என்று அழுகை முட்டியது. அப்போதுதான் மேடத்தின் கையில் எரிந்துகொண்டிருந்த கற்பூரத்தட்டைப் பார்த்தேன். ரப்பர் கூடாரம் அதிலிருந்து ஒரு முழத் தூரத்தில் உப்பிக்கொண்டிருந்தது. சுண்டல் குண்டானின் மூடியைப் பிடுங்கிக் கற்பூரத்தின் மேல் கவிழ்த்தேன். குத்துவிளக்கையும் அணைத்தேன். அந்த ஒரு வாரத்தில் நான் யோசித்துச் செய்த ஒரே காரியம் அதுதான். (யோசித்தேனா என்றுகூட இப்போது சந்தேகமாக இருக்கிறது.)

மிதவை முழுதாக விரிந்து, உஸ்... உஸ்... என்று காற்று விட்டது. “வெடிச்சிடுமா?” என்றார் மேடம், கண்ணை மூடியபடி.

“வெடிக்காது மேடம். ஜாஸ்தி காத்த வெளிய வுடுது, அவ்ளோதான்” என்றார் ஜோசப் சார்.

தேர்வாளர் கைக்கடிகாரத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். வெளியே போக ஒரே வழி, கூடாரத்தின் இந்தப் பக்க வாயில் வழியாக ஏறி அந்தப் பக்க வாயில் வழியாக இறங்குவதுதான். குற்றவாளி நானே முதலில் உள்ளே குதித்து, வாயிலில் மண்டியிட்டு ஒவ்வொருவராக இழுத்துப் போட ஆரம்பித்தேன். பயிற்சி அப்படி ஊறியிருந்தது. வாய் தானாகப் பேசியது.

“கூர்மையான பொருள் எதுவும் உள்ளே வரக்கூடாது. பேனா, கத்தி, வளையல் எல்லாத்தையும் கழட்டுங்க.” அடுத்து நின்றவர் பிரின்சிபால். “மேடம்... புடவையில பின்...”

மேடம் என்னை முறைத்தார். பிறகு ஒவ்வொன்றாக ஊக்குகளைக் கழற்றிக் கற்பூரத்தட்டில் போட்டார். ஏழு ஊக்கு. கண்ணாடி வளையலும் இறங்கியது. ஒரு கையால் முந்தானையை இறுக்கிக்கொண்டு, மறுகையை என்னிடம் நீட்டி, “இழு. இதையாவது ஒழுங்கா இழு” என்றார்.

மாரி சுண்டல் குண்டானோடு வந்தான். “மச்சான், கப்பல் முழுவுனாலும் சோறு முக்கியம்டா.” கடைசியாகத் தேர்வாளர். உள்ளே வந்து உட்கார்ந்து, தலைக்கு மேலே கூடாரத் துணியில் பதிந்திருந்த சரஸ்வதி படத்தின் சட்டத்தை அண்ணாந்து பார்த்தார். கை கூப்பினார். பிறகு பொரி ஒட்டிய தலையோடு குலுங்கிக் குலுங்கிச் சிரிக்கத் தொடங்கினார்.

“மிதவை ஒரு நிமிஷத்துக்குள்ள விரிஞ்சது. தீ அணைச்சாச்சு. கூர்மையான பொருளெல்லாம் வாங்கியாச்சு. யாரும் விடுபடாம ஏத்தியாச்சு. தண்ணி ஒண்ணுதான் இல்ல” என்றார். அன்று பிற்பகல், வகுப்பு மொத்தமும் சேர்ந்து அரைமணி நேரம் போராடி, மிதவையைக் காற்றிறக்கிச் சுருட்டிக் குளத்துக்குத் தூக்கிப்போனோம். பம்பால் காற்றடித்து நிரப்பி, தண்ணீரிலும் ஏறிக் காட்டினோம். எல்லாரும் தேறினோம். என் சான்றிதழை நீட்டும்போது ஜோசப் சார் சொன்னார்: “பரீட்சையில எழுதுனத அப்படியே செஞ்சு காட்ன ஒரே ஆளு நீதாண்டா!”

வீட்டில் நடந்ததை ஒளிக்காமல் சொன்னேன். அப்பா சிரித்து நான் அதிகம் பார்த்ததில்லை. அன்று கண்ணில் நீர் வரும்வரை சிரித்தார். பிறகு தொழிற்சாலைக்காரரை போனில் கூப்பிட்டு, “பையன் வரல சார், உங்க நல்லதுக்குத்தான் சொல்றேன்” என்றார். என் பக்கம் திரும்பி, “நீ கடலுக்கே போ. அங்கதான் இடம் நிறைய இருக்கு” என்றார். எனக்குக் கிடைத்த ஆசிகளிலேயே பெரியது அதுதான்.

சில வருடம் கழித்து என் கல்யாணம். கெட்டிமேளம் முழங்க, தாலிக்கயிற்றை அவள் கழுத்தில் வைத்து முதல் முடிச்சைப் போட்டு, லேசாக இறுக்கப் போனேன். அத்தனை மேளத்தையும் மீறி முன்வரிசையிலிருந்து ஜோசப் சாரின் குரல் வந்தது.

“டேய்! முடிச்சு போடு, இழுக்காதே! மண்டபம் விரிஞ்சிக்கும்!”

குனிந்திருந்த மணப்பெண்ணின் தோள் குலுங்கியது. அப்பா முன்னாடியே அவளிடம் எல்லாவற்றையும் சொல்லி வைத்திருக்கிறார். மீதி இரண்டு முடிச்சை அக்கா போட்டாள். எங்கள் ஆல்பத்தில் தாலி கட்டும் படத்தில் மணப்பெண் வாய்விட்டுச் சிரிப்பாள். மாப்பிள்ளை மட்டும் இரண்டு கையையும் தூக்கி, எதையும் தொடவில்லை என்று காட்டிக்கொண்டு நிற்பான்.