அந்த ஒரு "ஆமா" யாருக்கு?

என் செல்லக் குருவிக்கு, தரையில் காலூன்றி நிற்கும் உன் பாட்டி எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். என் கோபமும் நலம்.

அன்று நீ விண்வெளி நிலையத்திலிருந்து திரையில் வந்து பேசியபோது கூடத்தில் இருந்தவர்கள்: சோபாவில் உன் அம்மா, அவளை ஒட்டி உன் சித்தி, கூப்பிடாமலே வந்து நல்ல நாற்காலியைப் பிடித்துக்கொண்ட மேல்வீட்டுப் பல் டாக்டர், பாதித் திரையை மறைத்தபடி உன் அப்பா, கதவோரம் பிளாஸ்டிக் ஸ்டூலில் நான். பெற்றவளைப் பெற்றவளுக்கு ஸ்டூல். அதை இப்போது பேசவில்லை.

ஆரம்பிக்கும் முன்பே உன் அலுவலகத்துப் பெண் படித்துப் படித்துச் சொன்னாள்: "ஒருத்தர் கேட்டதும் கொஞ்சம் பொறுங்க. குரல் மேலே போய்த் திரும்பி வரணும். நடுவுல யாரும் பேசாதீங்க." எல்லோரும் தலையாட்டினோம். உன் அப்பாதான் ரொம்ப ஆட்டினார்.

தூக்கத்தில் மிதந்துபோய் எங்காவது முட்டிக்கொள்வாயோ என்று எனக்குக் கவலை. "ஏண்டி, பையைச் சுவத்துல கட்டி, அதுக்குள்ள புகுந்துதான் தூங்குறியா?" என்று கேட்டேன். நீ சிரித்த முகமாய் அப்படியே இருந்தாய். நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு காத்திருந்தேன். முதன்முதலில் நம் வீட்டுக்கு வந்த அன்று, காபி வருவதற்கு முன்பே "காபி பிரமாதம்" என்ற உன் அப்பாவுக்குப் பொறுமை எங்கிருந்து வரும்? "இன்னும் ஆறு மாசம் இருக்கச் சொல்றாங்களாமே, இருக்கப் போறியா?" என்று குறுக்கே பாய்ந்தார். அவர் வாயை மூடவும் நீ "ஆமா" என்று சொல்லவும் சரியாக இருந்தது. அதோடு படமும் போய்விட்டது.

அவ்வளவுதான். உன் அம்மா அழ, அவளைப் பார்த்துச் சித்தி அழ, பல் டாக்டர் "பெருமைப்படணும்" என்று இன்னொரு பிஸ்கட்டை எடுக்க, நான் ஸ்டூலை விட்டு எழுந்தேன். "அது நான் கேட்டதுக்கு வந்த ஆமா. உன் புருஷன்கிட்ட சொல்லுடி" என்றேன். மாப்பிள்ளையோடு நான் நேராகப் பேசுவதில்லை, உனக்குத் தெரியும். "உங்கம்மாவுக்கு விஞ்ஞானம் புரியாதுன்னு சொல்லு" என்றார் அவர்.

ஆகவே குருவி, அந்த ஆமா எனக்கா, அவருக்கா? எனக்கென்றால் சொன்ன நாளில் இறங்கி வா. போன தடவை அங்கிருந்து இறங்கி வந்திருந்தபோது, மிதக்கும் என்ற நினைப்பில் என் கண்ணாடி டம்ளர்களை ஒவ்வொன்றாய் அந்தரத்தில் விட்டு உடைத்தாயே, எதையும் நான் மறக்கவில்லை. புது டம்ளர் வாங்கி வைத்திருக்கிறேன். வந்து உடை.

வேறு சந்தேகங்களும் உண்டு. ஒரே நாளில் பதினாறு தடவை விடிகிறதாமே, எந்த விடியலுக்குப் பல் தேய்ப்பாய்? பல் டாக்டருக்கே தெரியவில்லை. அழுதால் கண்ணீர் கீழே விழாமல் கண்ணிலேயே உருண்டையாய் ஒட்டிக்கொண்டு நிற்குமாமே, யார் துடைத்துவிடுவது? மேலே போனவள் எதை அண்ணாந்து பார்ப்பாள்?

அங்கே இருந்தால் எலும்பு மெலியுமாமே, உன் எலும்பு கெட்டியாக இருக்கட்டும். கட்டிய பை அவிழாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
ஸ்டூலில் உட்கார்ந்திருந்த உன் பாட்டி

பி.கு.: இதைப் படம் பிடித்து அனுப்ப உன் அம்மா போனை எடுக்கும்போதே உன் செய்தி வந்துவிட்டது: "அந்த ஆமா பாட்டிக்குத்தான். அப்பா கேட்டது அப்புறம்தான் வந்து சேர்ந்துது. ஆனா அதுக்கும் ஆமாதான்." ஜெயித்தும் தோற்றேன். சரி, இரு. உனக்கு அங்கே வேலை இருக்கிறது. டம்ளர்களை எடுத்து உள்ளே வைத்துவிட்டேன். உன் அப்பா பாத்ரூமில் குழாயைத் திறந்துவிட்டு, சத்தம் கேட்காது என்று நினைத்து அழுதுகொண்டிருக்கிறார், அவரை மன்னித்தாயிற்று. பல் டாக்டரைக்கூட மன்னித்தேன். மன்னிக்கவே முடியாத ஆள் ஒருத்திதான், அதுவும் நேரில் வந்து நிற்கிற வரைக்கும்: குருவி.