மிலிட்டரி வளர்த்த டிண்டா

கோடை மலையில் காய் விற்றவர்களிலேயே பொய் சொல்லத் தெரியாத ஒரே ஆள் மிலிட்டரிதான். அதனாலேயே அவர் கடையில் ஈ கூட யோசித்துத்தான் உட்காரும்.

பெருமாள்மலையில் அவர் கடைக்கு மேல்மாடியில் குடியிருந்தேன். எனக்குப் பள்ளிக்கூட வாத்தியார் வேலை. அவரோ ராஜஸ்தான் பாலைவனத்தில் பட்டாள வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். சொந்தப் பெயரைக் கேட்டால் அவரே கொஞ்சம் யோசிப்பார். ஊருக்குத் திரும்பும்போது மற்றவர்கள் பெட்டியில் ரம் கொண்டுவருவார்கள். இவர் கொண்டுவந்தது ஒரு பொட்டலம் டிண்டா விதை. மணல்காட்டில் விளையும் காய் அது. பூசணிக்குச் சொந்தம், ஆப்பிள் அளவு, பச்சை உருண்டை.

முதலில் கடைக்குப் பின்னால் விதைத்தார். பனிமூட்டத்தில் கொடி ஜன்னி கண்டது போலானது. தன் பட்டாளக் கம்பளியை அதற்குப் போர்த்திவிட்டு, இவர் சாக்கைச் சுற்றிக்கொண்டு வியாபாரம் பார்த்தார். கொடி செத்தது. சளி இவருக்குப் பிடித்தது.

அடுத்து, மலைச்சரிவிலிருக்கும் அடுக்கம் கிராமத்துக்குக் கீழே வெயில் விழும் கல்லாங்காட்டைக் குத்தகைக்குப் பிடித்தார். பக்கத்துத் தோட்டத்தில் அவரைக்காய் போடும் சின்னத்தாயி தலையில் அடித்துக்கொண்டார்.

"ஏண்ணே, ஒங்களுக்கு வேற சோலியே இல்லையா?"

"இதான்ம்மா சோலி."

வெள்ளனே ஜீப் பிடித்துப் போவார், உச்சி வெயிலில் திரும்புவார். இரண்டே மாதத்தில் காடெங்கும் காய் உருண்டு கிடந்தது.

விற்கும்போதுதான் வினை. ஒரு சென்னைக்காரர் காரை நிறுத்திக் கேட்டார்: "இதைச் சாப்பிட்டா சுகர் குணமாயிடுமா?"

"ஆகாதுங்க."

"பின்னே என்ன விசேஷம்?"

"தண்ணிச்சத்து நெறய, மாவுச்சத்து கம்மி. வயித்துக்கு லேசா இருக்கும். பிஞ்சாப் பாத்துத் தோலோட சமைங்க, நார்ச்சத்து கெடைக்கும். மாத்திரைய மட்டும் நிப்பாட்டிறாதீங்க. இது காய்ங்க, மருந்தில்ல."

கார் போய்விட்டது. பக்கத்துக் கடையில் 'சர்க்கரையை விரட்டும்' என்று அட்டை தொங்கிய பாகற்காயை வாங்கிக்கொண்டுதான் போனது.

அந்த வருஷம் காய்கறிக் கண்காட்சியில் டிண்டாவுக்கு முதல் பரிசு அறிவித்தார்கள். மேடை வரை விறைப்பாக நடந்து போனவர் மைக்கில் கேட்டார்: "எத்தனை பேரு டிண்டா வச்சிருந்தாங்க?"

"நீங்க ஒருத்தர்தாங்க" என்றார் அதிகாரி.

"எதிராளியே இல்லாம என்னத்த ஜெயிக்க? வேணாங்க."

கோப்பையைத் தொடாமலே இறங்கிவிட்டார். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாளிலிருந்து வீடு வீடாக விதை கொடுத்தார். தலையில் அடித்துக்கொண்ட சின்னத்தாயியிடமே முதலில் போனார். எப்படிக் குழி எடுப்பது, எப்போது தண்ணீரை நிறுத்துவது என்று ஒன்றையும் மறைக்காமல் சொன்னார். பன்னிரண்டு பேர் போட்டார்கள். தன் எதிரிகளின் கொடிக்குப் பூச்சி பார்க்கவே அவருக்குப் பொழுது போனது.

அடுத்த கண்காட்சியில் டிண்டாவுக்குத் தனி மேசை. முதல் பரிசு சின்னத்தாயிக்கு. மிலிட்டரிக்கு மூன்றாவது.

அவர் முகத்தைப் பார்க்கவே பயந்து பக்கத்தில் போனேன். மனுஷன் நெஞ்சை நிமிர்த்தி சல்யூட் நிலையில் நிற்கிறார். கண் கலங்கியிருக்கிறது.

"சார், பரிசு லிஸ்ட்ட இன்னொருக்கா வாசிங்க."

வாசித்தேன்.

"அந்த மொதப் பேர மட்டும், சத்தமா."

நான்கு தடவை வாசித்தேன். அவர் இன்னும் கேட்டிருந்தால், பொழுது சாயும் வரை வாசித்திருப்பேன்.