பியெமோந்தேயில் பிடுங்கிய ஒரு குலை

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்பார்கள். வதிவிட அட்டை புதிதாகக் கிடைத்தவனுக்கோ தபால்காரர்கூடப் பொலிஸ்தான்.

பிரெஞ்சு நாட்டில், எங்கள் சனம் கூடும் லாச்சப்பலில் உணவகமொன்றில் சமைத்துக்கொண்டிருந்த எனக்கு அந்த அட்டை கிடைத்த கையோடு, இத்தாலிக்குப் போகவேண்டுமென்றாள் மனைவி சுபா. பியெமோந்தேயின் வைன் தோட்டங்களைப் பற்றி அவளோடு கந்தோரில் வேலைசெய்யும் சிநேகிதிகள் சொல்லிச் சொல்லி ஆசையை மூட்டிவிட்டிருந்தார்கள். (நாங்கள் இருவரும் வைனைத் தொடுவதில்லை. அவள் அப்போது பிள்ளைத்தாச்சி வேறு.)

பொய் சொல்லக்கூடாது, அழகான இடம். சீப்பால் வாரிவிட்டதுபோல மலை முழுக்கத் திராட்சைக் கொடிகள், பள்ளங்களில் பனிமூட்டம். நான் மட்டும் எதையும் ரசிக்காமல், பொலிஸ் வாகனம் வருகிறதா என்று பார்த்தபடி நடந்தேன்.

“இஞ்சேருங்கோ, ஒரு குலை புடுங்கித் தாங்கோ. வாயூறுது.”

“உமக்கென்ன விசரே? பிடிச்சாங்களெண்டால் நேரே ஊருக்குத்தான், கட்டுநாயக்காவுக்குப் பிளேன்!”

“பிள்ளைத்தாச்சி கேட்டால் மறுக்கக்கூடாது.”

பிடுங்கினேன். அந்த நேரம் பார்த்துத் தோட்டக்கார அம்மா ஒருவர் கொடிகளுக்கிடையிலிருந்து வெளிப்பட்டார். நான் குலையை வெள்ளைச் சட்டைக்குள் போட்டு, இரண்டு கையாலும் நெஞ்சை அமுக்கிக்கொண்டேன். (என்ன மூளை!) பழம் நசுங்கிச் சிவப்பு வயிறுவரை இறங்கியது.

“மதோன்னா!” என்று அலறியவர், என்னைப் பிடித்து நிலத்தில் கிடத்தினார். தன் சால்வையால் என் நெஞ்சை அமுக்கினார். அமுக்க அமுக்க இன்னும் சிவப்பு வந்தது. மற்றக் கையால் அம்புலன்சுக்குப் போன் அடித்தார்.

“சுபா, சொல்லிப்போடாதையும்… கார்ட்டைப் பறிச்சுப்போடுவாங்கள்…” என்று முனகினேன். சாகப்போகிறவனின் கடைசி வார்த்தைபோலவே அது ஒலித்திருக்கவேண்டும். அந்த அம்மா அழத் தொடங்கிவிட்டார்.

சுபாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. “மதாம், அது ரத்தமில்லை, திராட்சை!” என்று பிரெஞ்சில் சொல்லி, என் சட்டைப் பொத்தான்களைக் கழற்றிக் காட்டினாள். அந்த அம்மாவுக்குப் பிரெஞ்சு ஓரளவு விளங்கும்போல. நெஞ்சிலிருந்து ஒரு பழத்தை எடுத்து மணந்தார். நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

கேட்டது சிரிப்புச் சத்தம். சுபாவின் வயிற்றைப் பார்த்ததும் அவருக்கு மிச்சமும் விளங்கிவிட்டது. அம்புலன்ஸை வரவேண்டாமென்று தடுத்து, ஒரு கூடை பழமும் எனக்குத் தன் கணவரின் சட்டையொன்றும் தந்து அனுப்பினார். சட்டை முழங்கால்வரை தொங்கியது.

சுபா இந்தக் கதையை உறவு முழுக்கச் சொல்லிவிட்டாள். பொண்டிப் புறநகரிலிருக்கும் மாமிக்குக் காது கொஞ்சம் மந்தம். பாதிக் கதைதான் விழுந்தது. இன்றைக்கும் லாச்சப்பலின் ரூ பஜோல் கோயில் தேர்த் திருவிழாவுக்கு வந்தால், அத்தனை சனத்துக்கு நடுவில் என் கையைப் பிடித்துக்கொண்டு உருக்கமாகக் கேட்பார்:

“தம்பி, இத்தாலியிலை நெஞ்சிலை பட்ட காயம் மாறிட்டுதே?”

சுபாவும் மகளும் வாயைப் பொத்திக்கொண்டு என்னையே பார்ப்பார்கள்.

“ஓம் மாமி, மாறிட்டுது,” என்பேன். “மழை நாளிலைதான் கொஞ்சம் நோகும்.”