பின்னால் நின்ற அப்பா

"வயல் வந்துடுச்சு பெரியம்மா. மாலை போச்சு, விளக்கு போச்சு. ஆனா..." என்று இழுத்தாள் ரிஃப்கா.

பிரகதாம்பாள் லேப்டாப்பை எட்டிப் பார்த்தாள். திரையில் அவளுக்குப் பின்னால் பச்சைப் பசேலென்று நடவு வயல். அதன் நடுவே சட்டமும் இல்லாமல், மாலையும் இல்லாமல் நின்றுகொண்டிருந்தார் நெடுஞ்செழியன். போன வாரம் செத்துப்போன அவள் புருஷன்.

"ஐயோ, இவரை ஏன் விட்டுடுச்சு?"

"ஆளை விட்டுட்டு மத்ததை அழிக்கிற சாஃப்ட்வேர் பெரியம்மா. படத்துல இருக்கிறவரையும் ஆளுன்னு நெனச்சுக்குது."

"அதுக்காவது அப்படித் தோணுதே," என்றாள் பிரகதாம்பாள்.

கனடாவில் இருக்கும் மகள் குந்தவைக்கு இது நிறைமாதம். இரண்டு தரம் தங்காமல் போய், மூன்றாவதாகத் தங்கிய பிள்ளை. அது பிறக்கும்வரை சாவுச் செய்தி அவள் காதில் விழக் கூடாதென்று வீடே சத்தியம் பண்ணியிருந்தது. ஆனால் அவளோடு வீடியோவில் பேச, நெட் கூடத்தில்தான் எடுக்கும். கேமராவை இந்தப் பக்கம் திருப்பினால் மாலையும் விளக்குமாக அவர் படம். அந்தப் பக்கம் திருப்பினால் துக்கம் விசாரிக்க வந்த கூட்டம். படத்தைக் கருமாதிவரை நகர்த்தக் கூடாது. அதுவரை நெற்றிப் பொட்டுக்கு அனுமதி உண்டு என்பதால் ஒரு பொய் குறைந்தது.

பாபநாசத்தில் கம்ப்யூட்டர் சென்டர் நடத்தும் பக்கத்து வீட்டு ரிஃப்காதான், பின்னால் இருப்பதை அழித்து வயலைக் காட்ட வழி சொன்னாள். யாரோ புண்ணியவான்கள் எழுதி எல்லாருக்கும் இலவசமாக விட்டிருக்கும் மென்பொருளாம். நமக்கு வேண்டியபடி மாற்றிக்கொள்ளலாமாம்.

இப்போது மறுபடி மாற்ற நேரமில்லை. குந்தவையின் அழைப்பு மணி அடித்துவிட்டது.

"அம்மா! வயல்லயா இருக்கே? அட, பின்னால அப்பா!"

"ஆமாடி... நடவு."

"ஏன் பேச மாட்டேங்குறாங்க?"

"தொண்டை கட்டிக்கிச்சு."

"கண்ணுகூட சிமிட்டல?"

"உன்னையேதான் பாத்துக்கிட்டு இருக்காரு."

இனிப் பொறுப்பதில்லை என்று பிரகதாம்பாளின் தம்பி துரைராசு போர்வையோடு தரையில் தவழ்ந்துபோய்ப் படத்துக்கு முன்னால் தூக்கிப் பிடித்தான். தோள்வலிக்காரன், போர்வை படத்தின் மோவாய்க்கு மேல் ஏறவில்லை. மென்பொருள் போர்வையை அழித்துவிட்டு, பிடித்த கைகளை மட்டும் விட்டுவைத்தது. நெடுஞ்செழியன் இரண்டு கையையும் தூக்கிக்கொண்டு நின்றார்.

"அப்பாவுக்கு ஏம்மா கை நடுங்குது?"

"சேத்துல நின்னா குளிராதா? டேய், எறக்குடா!"

"யாரைம்மா 'டா' போடுறே?"

"நாத்துக்கட்டு தூக்குற பையன்டி!"

குந்தவை சிரிக்கவில்லை.

"அப்பா, நாளைக்கு ஆஸ்பத்திரியில சேரச் சொல்லிட்டாங்க. ஆசீர்வாதம் பண்ணுங்கப்பா."

போர்வை நழுவி விழுந்தது. ஒரு கை இறங்கியது. மற்றது உள்ளங்கையை விரித்து, வலிக்கிற தோளோடு மெல்ல மேலே ஏறி நின்றது. இறங்கிய கையால் துரைராசு வாயைப் பொத்திக்கொண்டு கிடந்தான்.

குந்தவை கையெடுத்துக் கும்பிட்டாள். "போதும்ப்பா," என்றாள். திரை அணைந்தது.

பிரகதாம்பாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு ரிஃப்கா மேல் எரிந்து விழுந்தாள். "நல்ல சாஃப்ட்வேர் போட்டே, போ! அவரையும் சேத்து அழிச்சிருந்தா எம் பொண்ணுகிட்ட இத்தனை பொய் சொல்லியிருப்பேனா?"

ரிஃப்கா தலையைக் குனிந்துகொண்டாள்.

"அது தானா விட்டதில்ல பெரியம்மா. குந்தவை அக்காதான் முந்தாநாள் போன் பண்ணி, 'மாலையையும் விளக்கையும் அழிச்சிடு, அப்பாவை மட்டும் எனக்கு விட்டுவை'ன்னு கேட்டாங்க."