லிப்டுக்காரர் வீட்டம்மாவை நீக்கக் கோரி

என் அன்புக்குரிய மைத்துனரும், 'நம்மைப் பார்த்து நாமே' என்னும் கவிதைக் குழுவின் நிர்வாகியுமாகிய மாப்பிள்ளை அவர்களுக்கு, உங்கள் அக்காவின் கணவன் எழுதிக்கொள்வது. நீங்களும் தங்கச்சியும் பிள்ளைகளும் ஒரு குறையுமில்லாமல் இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே என்னைத் தவிர எல்லாரும் நலம். உங்கள் அக்கா மிக மிக நலம். இந்தக் கடிதத்துக்குக் காரணமே அதுதான்.

போனில் நாலு வரி தட்டிவிடாமல் இந்தக் காலத்தில் ஏன் தாளில் எழுதுகிறார் என்று நீங்கள் நினைக்கலாம். போனில் எழுதினால் உங்கள் அக்கா என் தோளுக்குப் பின்னால் நின்று படித்துவிடுவாள். படித்தால் அதையும் கவிதை ஆக்கிவிடுவாள். அதனால், குளிர்பெட்டி சரியாகக் குளிரவில்லை என்று கம்பெனிக்குப் புகார் எழுதுகிறேன் என்று சொல்லிவிட்டுச் சாப்பாட்டு மேஜையில் உட்கார்ந்திருக்கிறேன். "நல்லா காரசாரமா எழுதுங்க" என்று சொல்லிவிட்டுப் போயிருக்கிறாள். எழுதுகிறேன்.

மாப்பிள்ளை, என்னை இந்தக் குழுவில் சேர்த்தது நீங்கள். ரிட்டயர்டாகி வீட்டிலிருக்கிற எல்லாக் கதவுக் கீலுக்கும் எண்ணெய் போட்டு முடித்து, அடுத்தது பக்கத்து வீட்டுக் கீல்தான் என்று நான் நின்றபோது, "அத்தான், முப்பது வருஷமா லிப்டு ரிப்பேர் பண்ணியிருக்கீங்க, எவ்வளவு அனுபவம் இருக்கும், சிரிப்புக் கவிதையா எழுதுங்க" என்று சொன்னது நீங்கள். குழுவின் சட்டத்தைச் சொன்னதும் நீங்கள். எழுதுவது சொந்த அனுபவமாக இருக்க வேண்டும், அடுத்தவரைக் கேலி செய்யக் கூடாது, தன்னைப் பார்த்துத்தான் சிரிக்க வேண்டும். குழுவில் நம்பர் தெரியாது, பட்டப்பெயர் மட்டும்தான். வாரத்தில் யார் கவிதைக்குச் சிரிப்பு முகம் அதிகம் விழுகிறதோ அவர் பெயர் ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் உச்சியில் ஏறும், அடுத்த ஞாயிறு வரை அங்கேயே இருக்கும். இதெல்லாம் எனக்குப் பிடித்திருந்தது. 'லிப்டுக்காரர்' என்று பெயர் வைத்துக்கொண்டு உட்கார்ந்து எழுதினேன். முதல் கவிதை உங்களுக்கு நினைவிருக்கும்.

மேலும் கீழும் போய்வரும் பெட்டி
மேதினி வாழ்வும் அதுபோல் கெட்டி
மோட்டார் சூடாய் முனகிடும் போது
மெக்கானிக் மனமும் முனகுதல் தீது

இதற்கு ஒரே ஒரு சிரிப்பு முகம் விழுந்தது. 'கடைசி பெஞ்சு' என்று பெயர் வைத்துக்கொண்டிருக்கிறாரே, அந்த அன்பர் போட்டது. அன்றிலிருந்து இன்றுவரை நான் எழுதியது எதுவாக இருந்தாலும் அவர் ஒருவர் தவறாமல் சிரிக்கிறார். வேறு யாரும் சிரிக்கவில்லை என்பதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒரு நல்ல வாசகர் போதும் என்று இருந்தேன். நிம்மதியாக இருந்தேன் மாப்பிள்ளை, சத்தியமாகச் சொல்கிறேன்.

அப்புறம் உங்கள் அக்கா வந்து சேர்ந்தாள். "நீங்க தனியா சிரிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்களே, என்னதான் இருக்குன்னு பாக்கறேன்" என்றாள். பார்க்கத்தானே வருகிறாள் என்று நானே அவள் போனில் ஏற்றிக் கொடுத்தேன். பட்டப்பெயர் கேட்டபோது அவளே தட்டினாள், 'லிப்டுக்காரர் வீட்டம்மா' என்று. அப்போதே எனக்கு உறைத்திருக்க வேண்டும். உறைக்கவில்லை.

அடுத்த வாரமே எங்கள் குடியிருப்பு லிப்டு கிர்ரென்று சத்தம் போட ஆரம்பித்தது. கம்பெனி ஆள் நாளைக்கு வருவார் என்று வாட்ச்மேன் சொன்னார். நான் இருக்கும்போது கம்பெனி ஆள் எதற்கு என்று ஸ்குரூ டிரைவரோடு உள்ளே போனேன். மூன்றாவது மாடிக்கும் நாலாவது மாடிக்கும் நடுவில் அது நின்றுவிட்டது, நின்றது நின்றதுதான். தட்டினேன், கூப்பிட்டேன். ஆனால் ஒன்று சொல்கிறேன், நான் பதறவில்லை. இதைவிட நல்ல சிரிப்பு அனுபவம் ஒரு கவிஞனுக்குக் கிடைக்குமா என்று தரையில் சப்பணம் போட்டு உட்கார்ந்து முதல் நாலு வரியைப் போட்டேவிட்டேன். அனுப்பப் பார்த்தால் உள்ளே சிக்னல் இல்லை. வெளியே இருந்தது. வெளியே உங்கள் அக்கா இருந்தாள். ஆபீசில் காலமெல்லாம் டைப் அடித்துப் பழகின விரல். நாளைக்கு வர வேண்டிய கம்பெனி ஆள் அன்றைக்கே அவசரமாக வந்து சாவி போட்டு என்னைத் திறந்துவிட்டபோது, குடியிருப்பு சனமே வாசலில் நின்று போனைப் பார்த்துக்கொண்டிருந்தது. என்னை ஒருத்தரும் பார்க்கவில்லை.

முப்பது வருஷம்
ஊரார் லிப்டைத் திறந்தவர்
உள்ளேயிருந்து தட்டுகிறார்.
"யாரு?" என்றேன்.
"மெக்கானிக்" என்றார்.

இவ்வளவுதான் கவிதை. எதுகை உண்டா, மோனை உண்டா, வாழ்க்கைத் தத்துவம் ஏதாவது உண்டா? ஆனால் குழுவே விழுந்து விழுந்து சிரித்தது. நான் வீட்டுக்கு வந்து, கையைக் கழுவி, என் கவிதையைப் பதினாறு வரியாக முடித்து அனுப்பினேன். குழுவில் இருக்கிற நம் பல் டாக்டர் அதற்குக் கீழே, "அம்மா எழுதினதுக்கு விளக்க உரையா ஐயா? அருமை" என்று எழுதினார். உரையாம். சம்பவம் என்னுடையது, மூச்சு முட்டினது எனக்கு, கடைசியில் நான் உரையாசிரியர். அந்த ஞாயிற்றுக்கிழமை உச்சியில் ஏறியது யார் பெயர் என்று நான் சொல்லத் தேவையில்லை, ஏற்றிவைத்தது நீங்கள்தானே.

நான் சும்மா விடவில்லை. "இது சொந்த அனுபவம் இல்லையே, சட்டப்படி செல்லாது" என்று அவளிடமே கேட்டேன். துணி மடித்துக்கொண்டே பதில் சொன்னாள். "நீங்க மாட்டிக்கிட்டது உங்க அனுபவம். நீங்க மாட்டிக்கிட்டதை வெளியில நின்னு பாத்தது என் அனுபவம். நான் என் அனுபவத்தைத்தானே எழுதினேன்?"

சரி, அவள் பார்க்காத இடத்தில் எனக்கு ஏதாவது நடந்தால்தான் உண்டு என்று முடிவு செய்து, பஸ் ஏறித் தனியாக ஒரு பெரிய கடைக்குப் போனேன். அங்கே வாசலில் கண்ணாடிக் கதவு. கொஞ்சம் தெரிந்தேதான் போய் மோதினேன், ஆனால் நினைத்ததைவிட வேகமாக மோதிவிட்டேன். நெற்றி எலுமிச்சம்பழம் மாதிரி வீங்கிப்போச்சு. வலியோடு வலியாக பஸ்ஸிலேயே இரண்டு வரி யோசித்துக்கொண்டு வந்தால், கதவைத் திறந்தவள் என் நெற்றியைப் பார்த்தாள், "என்ன ஆச்சு?" என்றாள். நானும் மடத்தனமாகச் சொன்னேன். மருந்து தடவினாள், நல்லா இதமாகத்தான் தடவினாள். நான் கண்ணை மூடிக் கொஞ்சம் சாய்ந்தேன். கண்ணைத் திறப்பதற்குள் வந்துவிட்டது.

கண்ணாடிக் கதவில் மோதிக்கொண்டார்.
எதிரே ஒன்று நிற்பது
தெரியவே இல்லையாம்.
எனக்கு ஆச்சரியமில்லை.
நானும் எத்தனை வருஷமாய்
எதிரே நிற்கிறேன்.

இதைப் படித்து எங்கள் மகள் ஆபீசிலிருந்து போன் பண்ணினாள். "அப்பா, அம்மா எழுதினதைப் படிச்சீங்களா? எங்க செக்ஷன்ல சத்தமாப் படிச்சேன், மேனேஜரே எந்திரிச்சு வந்துட்டாரு." நான், "நெத்தி வீங்கியிருக்கும்மா" என்றேன். "ஆமாப்பா, அதுவும் கவிதையில வருது" என்று சொல்லி வைத்துவிட்டாள். என் கவிதையை இதுவரை அவள் எந்தச் செக்ஷனிலும் படித்ததில்லை. எனக்கு வயிற்றெரிச்சல் மாப்பிள்ளை. அதை ஏன் மூடி மறைக்க வேண்டும்? நன்றாகப் பற்றி எரிகிறது.

பதிலுக்கு அவளை வைத்து நான் எழுதலாம் என்று பார்த்தால், அவளுக்கு ஒன்றுமே நடப்பதில்லை. ஒரு வாரம் பின்னாலேயே சுற்றினேன். வழுக்கவில்லை, மறக்கவில்லை, ஒரு பாத்திரம் கூடக் கீழே போடவில்லை. அடுப்படியில் என் பழைய போனை, கண்ணாடி விரிசல் விட்டதால் நான் கழித்துக் கட்டினேனே அதை, அடுப்பில் வைத்ததற்கு மணி அடிக்க வைத்திருக்கிறாள். அது அடித்தவுடன் போய் இறக்கிவிடுகிறாள், அடிப்பிடிப்பது கூட இல்லை. வேறு வழியில்லாமல் சர்க்கரை டப்பாவில் உப்பையும் உப்பு டப்பாவில் சர்க்கரையையும் மாற்றிப் போட்டேன். அன்றைக்குப் பார்த்து அவளுக்குத் தலைவலி. "இன்னிக்கு நீங்க டீ போடுங்களேன்" என்றாள். நானும் நல்ல பிள்ளையாகப் போட்டேன். மாற்றி வைத்தது நானே என்பது முதல் வாய் குடிக்கும்போதுதான் ஞாபகம் வந்தது. துப்பவும் முடியவில்லை, எதிரே அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். முழு டம்ளரையும் குடித்தேன். அவள் தன் டம்ளரைத் தொடவே இல்லை, போனை எடுத்தாள். கவிதைக்குத் தலைப்பு 'உப்பிட்டவர்'. மூன்றாவது வாரமாக உச்சியில் அவள் பெயர்.

ஆகவே நிர்வாகி அவர்களே, தாங்கள் அக்கா என்று பாராமல் அவளைக் குழுவிலிருந்து நீக்க வேண்டும். அது முடியாது என்றால் என்னை வைத்து எழுதக் கூடாது என்றாவது கட்டளை போட வேண்டும். அதுவும் முடியாது என்றால் அந்தப் பட்டப்பெயரையாவது மாற்றச் சொல்லுங்கள், அவள் ஜெயிக்கிற ஒவ்வொரு தடவையும் உச்சியில் என் பெயர் ஏறி, அதற்குப் பக்கத்தில் 'வீட்டம்மா' என்று வருவது எனக்குத் தாங்கவில்லை. அவள் போய்விட்டால் எனக்குச் சிரிப்பு கூடிவிடுமா என்று நீங்கள் கேட்பீர்கள். கூடாவிட்டாலும் பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறவளுக்கு மட்டும் கொட்டாமல் இருந்தால் போதும்.

நான் பொறாமையில் பேசுகிறேன் என்று உங்களுக்குத் தோன்றினால், நடுநிலையான ஒருவரைக் கேளுங்கள். கடைசி பெஞ்சு இருக்கிறாரே, அவரைக் கேளுங்கள். ஊரே உங்கள் அக்கா கவிதைக்குச் சிரிக்கிறது, அவர் மட்டும் ஒரு தடவை கூடச் சிரித்ததில்லை. கவனித்திருக்கிறீர்களா? நான் கவனித்திருக்கிறேன். லிப்டுக்கும் சிரிக்கவில்லை, கண்ணாடிக்கும் சிரிக்கவில்லை, உப்புக்கும் சிரிக்கவில்லை. அந்த மனிதருக்கு எது கவிதை என்று தெரிந்திருக்கிறது. அவர் என்ன தீர்ப்பு சொன்னாலும் நான் கட்டுப்படுகிறேன், இதை எழுத்திலேயே தருகிறேன்.

தங்கச்சிக்கு என் அன்பைச் சொல்லுங்கள். பிள்ளைகள் நன்றாகப் படித்து, நல்ல வேலைக்குப் போய், கவிதைப் பக்கம் தலைவைத்துப் படுக்காமல் நூறாண்டு வாழ ஆசீர்வாதம்.

இப்படிக்கு,
உங்கள் அக்காவின் கணவன்
(குழுவில்: லிப்டுக்காரர்)

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு முன்னால், சாட்சியிடம் நானே ஒரு வார்த்தை சொல்லி வைக்கலாம் என்று கடைசி பெஞ்சுக்குத் தனியாக ஒரு செய்தி அனுப்பினேன். இதுவரை அவரைத் தொந்தரவு செய்ததே இல்லை. "ஐயா, தாங்கள் ஒருவரே என் வாசகர், லிப்டுக்காரர் வீட்டம்மாவை நீக்கும் விஷயத்தில் என் பக்கம் பேச வேண்டும்" என்று பணிவாகத்தான் எழுதினேன். அனுப்பின அதே நொடி அடுப்படியில் பழைய போன் டிங் என்றது. அடுப்பில் ஒன்றும் இல்லை. நான் மேஜையிலிருந்து தலையை மட்டும் நீட்டிப் பார்த்தேன். உங்கள் அக்கா ஈரக் கையை முந்தானையில் துடைத்துக்கொண்டு அதை எடுத்தாள், படித்தாள், வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கிற்று. அப்புறம் ஒரு கையால் மெதுவாக ஏதோ தட்டினாள். என் போனில் பதில் வந்தது: "குடும்ப விஷயத்தில் நான் தலையிட மாட்டேன் ஐயா. அந்த அம்மா இருந்துவிட்டுப் போகட்டும். நீங்கள் மட்டும் எழுதுவதை நிறுத்திவிடாதீர்கள்." பிறகு அடுப்படியிலிருந்தே, "புகாரை எழுதி முடிச்சாச்சா? டீ வேணுமா?" என்று கேட்டாள். வேணும் என்றேன்.

நிர்வாகிக்கு எல்லார் நம்பரும் தெரியுமே மாப்ளே, இவ்வளவு நாளும் தெரிந்துகொண்டே வாயை மூடிக்கொண்டிருந்தீர்களா? போகட்டும். தீர்ப்புக்குக் கட்டுப்படுகிறேன் என்று மேலே எழுதிவிட்டேன், கட்டுப்படுகிறேன், யாரையும் நீக்க வேண்டாம். என் கஷ்டம் இப்போது வேறு. உங்கள் அக்காவுக்குத் தெரியாமல் எனக்கு மட்டும் தெரிந்த ஒரு சிரிப்புச் சம்பவம், வாழ்க்கையிலேயே முதல் தடவையாகக் கையில் இருக்கிறது. பார்த்தது நான் மட்டும்தான், சிக்னலும் நன்றாக இருக்கிறது. எழுதினால் குழுவே சிரிக்கும், ஞாயிற்றுக்கிழமை உச்சியில் என் பெயர்தான். ஆனால் அதற்கப்புறம் கடைசி பெஞ்சு சிரிக்காது. அதனால் இந்த வாரமும் மோட்டாரைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.