வீட்டுக்கு ஒரு ரகசியச் சொல்

கல்லடியில் ஓட்டோ ஓடுகிற சுதாகரன் அன்றைக்குப் பல்லுத்தீட்ட முதலே சபதம் எடுத்தான்.

"யசோ! இனி ஒரு ஓன்லைன் கள்ளனும் இந்த வீட்டுக்குள்ள பூரப்படாது!"

காரணம் இருந்தது. 'இலவச டேட்டா' என்று வந்த லிங்கை அமத்தி, தன் பேஸ்புக்கைப் பறிகொடுத்திருந்தான். பறித்த கள்ளன் சும்மா இருந்தானா? சுதாகரனின் முகத்தோடேயே உடம்பு மெலியும் பவுடர் விற்றான். மாமியாருக்கும் அனுப்பினான்: 'முக்கியமாக உங்களுக்குத்தான்.' அதோடு மாமியாரின் பேச்சு நின்றது.

"அமத்த வேணாம் எண்டு தலைப்பாடா அடிச்சன்" என்றாள் மனைவி யசோதினி.

"நீ பின்னால நிண்டு கத்தினதாலதான் விரல் வழுக்கினது. பிழை உன்னில."

வாவியில் வலை வீசத் தெரியாத மனுசன், வலையில் மட்டும் வடிவாக விழுவான். விழுந்ததை ஒத்துக்கொள்ளத்தான் மாட்டான். 'பிழை என்னில' என்று அவன் வாயால் ஒருதரம் கேட்டுவிட வேணும். கலியாணம் முடித்த நாள் தொட்டு யசோதினியின் ஆசை அதுதான். நகையெல்லாம் அதுக்குப் பிறகு.

"கேட்டுக்கொள். தெரியாத நம்பரில ஆர் பேசினாலும் ஓ.டி.பி. சொல்லப்படாது, நம்பர் சொல்லப்படாது. நானே பேசினாலும் நம்பப்படாது! இப்ப குரலையும் கள்ளமாச் செய்றானுகள்."

"மறுகா நீங்கதான் எண்டு எப்பிடித் தெரியும்?"

"ரகசியச் சொல் ஒண்டு வைப்பம். வெளியாளுக்குத் தெரிஞ்சா அண்டைக்கே மாத்தோணும்."

பிள்ளைக்குச் சோறு தீத்தியபடி யசோதினி யோசித்தாள்.

"உங்கட பேச்சைப் பிடிச்சுத்தானே கள்ளக்குரல் செய்வான்? அப்ப நீங்க ஒருநாளும் பேசாததா இரிக்கோணும். 'பிழை என்னில, நீ சொன்னதுதான் சரி.' எப்பிடி?"

சுதாகரன் தலையைச் சொறிந்தான். நியாயத்தில் ஒரு ஓட்டையும் அகப்படவில்லை. தன் போன் கையில் இருக்குமட்டும் சொல்லத் தேவையும் வராதே என்று நினைத்து, "ம்" என்றான்.

தேவை அடுத்த கிழமையே வந்தது. மணப்பொம்பிளை சோடிக்கிற அன்னப்பூரணியைக் கரடியனாற்றில் ஏற்றி, அமிர்தகழிக் கலியாணத்துக்குக் கொண்டுபோக வேணும். கரடியனாற்றுச் சந்தியில் நின்று பையைத் தடவினால், போன் வீட்டில். அன்னப்பூரணியின் நம்பர் போனுக்குள். வீடும் தெரியாது. முகூர்த்தமோ நெருங்குது.

விசயத்தைக் கேட்டுத் தயிர்க்கடை வினாயகமூர்த்தி தன் போனை நீட்டினார். "காதுக்க வைச்சா கேளாது தம்பி. ஸ்பீக்கரில மட்டுந்தான்."

"யசோ, நான்தான்! என்ட போனில அன்னப்பூரணியக்காட நம்பரப் பாத்துச் சொல்லு. கெதியா!"

"நீங்க ஆரு?" போன் கடை முழுக்கக் கத்தியது.

"உன்ட புருசன்!"

"அப்பிடித்தான் சொல்லுவானுகளாம். அவசரமும் படுத்துவானுகளாம்."

"உன்ட அம்மாக்குச் சீனி வருத்தம்! உனக்குக் கணவாய் ஒத்துக்கொள்ளாது!"

"அதெல்லாம் பேஸ்புக்கில கிடக்கு. சொல்லைச் சொல்லுங்க."

தயிர் வாங்க வந்த சனம் கிட்ட வந்தது. சுதாகரன் போனைக் கையால் பொத்தி முணுமுணுத்தான்.

"கேக்குதில்ல," என்றது போன்.

"தம்பி," என்றார் வினாயகமூர்த்தி, "அங்க பொம்பிளை சோடிக்காமக் குந்திக்கொண்டிரிக்கும். என்னெண்டாலும் சொல்லித் துலையன்!"

"பிழை என்னில! நீ சொன்னதுதான் சரி!"

சனம் கைதட்டியது. நம்பர் வந்தது. கடைக்குள்ளிருந்து வினாயகமூர்த்தியின் மனைவி எட்டிப் பார்த்தாள். "இஞ்சாருங்க, எங்கட வீட்டுக்கும் அதையே வைப்பம்."

பின்னேரம் ஒரு சட்டித் தயிரோடு வீட்டுக்கு வந்தான். கதவு கொண்டி போட்டிருந்தது.

"யசோ, திற."

"சொல்?"

பக்கத்து வீட்டுச் சீதேவிப்பிள்ளை வேலியால் எட்டிப் பார்த்தாள். சுதாகரன் பல்லைக் கடித்தான். "பிழை என்னில..."

"அது பழசு. தயிர்க்கடைச் சனத்துக்கே தெரிஞ்சுபோச்சு. மாத்தியாச்சு."

"என்ன சொல் எண்டு எனக்கெப்பிடித் தெரியும்?"

"இதுவும் நீங்க ஒருநாளும் பேசாததுதான். யோசியுங்க."

"உன்ட சமையல் நல்லம்?"

"இல்ல. ஆனா இன்னொருக்காச் சொல்லுங்க."

"மாமியக் கூட்டிவந்து வைச்சிருப்பம்?"

"கிட்ட வந்திட்டீங்க."

தயிர்ச்சட்டி கையில் கனத்தது. "பாத்திரம் நான் கழுவுறன்?"

கொண்டி விலகியது.

"அதுதான் புதுச்சொல்லா?" என்றான் சுதாகரன், வென்றவன் மாதிரி.

"புதுச்சொல் எண்டு ஒண்டும் வைக்கல்ல," என்று யசோதினி தயிரை வாங்கிக்கொண்டாள். "பாத்திரம் குசினியில கிடக்கு."